நிழலில் அளந்த வெயில்

2024 அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை. சென்னை மெரினாவில் விமானப்படையின் சாகச நிகழ்ச்சி. கடற்கரை கொள்ளாத கூட்டம். காலையிலேயே வந்து இடம்பிடித்தவர்கள் உச்சிவெயில் வரை மணலில் நின்றார்கள். நிழல் இல்லை, குடிதண்ணீர் போதவில்லை, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே வரவும் வழியில்லை. பலர் மயங்கி விழுந்தார்கள். ஐந்து பேர் இறந்துபோனார்கள்.

அது கத்திரி வெயில் காலம் அல்ல, அக்டோபர் மாதம். வானிலைத் துறையின் கணக்கில் அன்று வெப்ப அலையும் இல்லை. கடலோரப் பகுதியில் வெப்ப அலை என்று அறிவிக்க, வெப்பநிலை 37 டிகிரியைத் தொட வேண்டும். அந்தக் காலத்துக்கு இயல்பான அளவைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். சமவெளியில் 40 டிகிரி. இந்த இரண்டு எல்லைக்கும் வெளியே இருந்த ஒரு நாளில்தான் அந்த ஐந்து பேர் வீடு திரும்பவில்லை. வெயில் எவ்வளவு என்று சொல்லும் எண் ஒன்றாகவும், வெயில் உடம்பில் செய்யும் வேலை வேறொன்றாகவும் இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எடுத்துக்காட்ட முடியாது. காலநிலை மாற்றத்தைச் சமாளிப்பது பற்றிய பேச்சை, குறைந்தபட்சம் நம் ஊரில், இந்த இடைவெளியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

'இன்று 38 டிகிரி' என்று செய்தியில் சொல்கிறார்களே, அது எங்கே எடுத்த அளவு? நாலு கால் வைத்த வெள்ளை மரப்பெட்டி ஒன்று. பக்கவாட்டில் சாய்ந்த பலகைகள் வழியே காற்று போய்வரும், வெயில் மட்டும் உள்ளே விழாது. தரையிலிருந்து ஏறக்குறைய நாலடி உயரத்தில், அந்தப் பெட்டிக்குள் இருக்கும் வெப்பமானி காட்டுவது நிழலில் இருக்கும் காற்றின் சூடு. இதில் தவறே இல்லை. உலகம் முழுக்க ஒரே முறையில் அளந்தால்தான் ஊரோடு ஊரையும் ஆண்டோடு ஆண்டையும் ஒப்பிட முடியும். 1901 முதலான கணக்கில் இந்தியாவுக்கு மிக வெப்பமான ஆண்டு 2024, அது 1991 முதல் 2020 வரையிலான சராசரியைவிட 0.65 டிகிரி கூடுதல் என்று நாம் உறுதியாகச் சொல்வது இந்த ஒழுங்கான அளவீட்டால்தான். பூமி சூடேறுவதை அறிய நிழல்பெட்டி போதும். வெயிலில் நின்று வேலை பார்க்கும் ஒருவருக்கு என்ன ஆகிறது என்று அறிய அது போதாது. அவர் நிற்கும் இடத்தில் பெட்டியும் இல்லை, நிழலும் இல்லை.

உடம்பின் கணக்கைப் பார்ப்போம். நம் உள்வெப்பம் 37 டிகிரியை ஒட்டியே இருந்தாக வேண்டும். வேலை செய்யச் செய்ய தசைகள் சூட்டை உண்டாக்கும். அந்தச் சூடு தோல் வழியாக வெளியேற வேண்டும். வெளிக்காற்று தோலைவிடக் குளிர்ச்சியாக இருக்கும்வரை சிக்கல் இல்லை. காற்றும் 35, 36 என்று ஏறிவிட்டால் உடம்புக்கு மிஞ்சும் ஒரே வழி வியர்வை. மண்பானை எப்படி நீரைக் கசியவிட்டு, அது ஆவியாகும்போது குளிர்கிறதோ, அதே வித்தைதான். ஒரு லிட்டர் வியர்வை முழுக்க ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை உடம்பிலிருந்து எடுத்துக்கொண்டு போகும். ஆவியானால் மட்டுமே. வழிந்து சொட்டிய வியர்வை குளிர்விப்பதில்லை, உடம்பின் நீரையும் உப்பையும் வீணாக்கிவிட்டுப் போகிறது.

கடலோரத்தின் துன்பம் இங்கேதான் தொடங்குகிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை எங்கே போய் ஆவியாகும்? இதை அளக்க எளிய வழி உண்டு. வெப்பமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றி, காற்றோட்டத்தில் வைத்துப் பார்ப்பார்கள். அது காட்டுவது ஈரக்குமிழ் வெப்பநிலை, அதாவது வியர்வையால் உடம்பு எட்டக்கூடிய குளிர்ச்சியின் எல்லை. வேலூரில் 42 டிகிரி, காற்றில் ஈரப்பதம் 20 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். ஈரக்குமிழ் சுமார் 24 காட்டும். சென்னையில் 35 டிகிரி, ஈரப்பதம் 65 விழுக்காடு என்றால் ஏறக்குறைய 29 காட்டும். செய்தித்தாளில் தலைப்புச் செய்தியாவது வேலூர். வியர்வை வேலை செய்யாமல் போவது சென்னையில்.

இதை வைத்து, வறண்ட வெயில் பாதுகாப்பானது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 42 டிகிரி அனல்காற்று உடம்புக்குள் நேரடியாகச் சூட்டை ஏற்றும்; வியர்வை உடனுக்குடன் காய்வதால் எவ்வளவு நீர் போகிறது என்றே தெரியாது. இரண்டும் கொல்லும், கொல்லும் விதம்தான் வேறு. ஈரக்குமிழ் 35 டிகிரியைத் தாண்டினால் மனிதர் பிழைப்பது அரிது என்று 2010இல் ஓர் ஆய்வு கணக்கிட்டுச் சொன்னது. பிற்பாடு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் திடகாத்திரமான இளைஞர்களையே ஆய்வுக்கூடத்தில் வைத்துப் பார்த்தபோது, ஈரமான காற்றில் 31 டிகிரியை ஒட்டியே உடம்பு தடுமாறத் தொடங்கியது. அவர்கள் சுமை தூக்கவில்லை, மிக லேசான அசைவுதான். வயதானவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் எல்லை இதற்கும் கீழே.

வங்கக் கடல் சூடாகிக்கொண்டு வருகிறது. காற்று ஒரு டிகிரி சூடானால் அது ஏந்தக்கூடிய நீராவி சுமார் 7 விழுக்காடு கூடும். அந்த நீராவிதான் மழையாகக் கொட்டும்போது வெள்ளம், கொட்டாமல் நிற்கும்போது புழுக்கம். மதியம் கடல்காற்று உள்ளே வந்ததும் சென்னைவாசிகள் ஆசுவாசப்படுவது உண்மை. வெப்பமானியும் இறங்கும். ஆனால் அந்தக் காற்று கொண்டுவரும் ஈரம் செய்தியில் ஒரு வரியோடு போய்விடுகிறது: 'அசௌகரியம் ஏற்படக்கூடும்.'

அடுத்தது இரவு. பகல் முழுக்க அடிபட்ட இதயமும் சிறுநீரகமும் இரவில் சூடு இறங்கினால்தான் தேறும். இரவு இறங்காவிட்டால் மறுநாள் வெயிலை, முந்தைய நாள் களைப்போடு சேர்த்தே சுமக்க வேண்டும். வானிலைத் துறை 'வெப்ப இரவு' என்று ஒன்றை வரையறுத்துத்தான் வைத்திருக்கிறது. ஆனால் அன்றைய பகல் 40 டிகிரியைத் தொட்டிருந்தால்தான் அந்த இரவு கணக்கில் வரும். பகல் 36, இரவு 30 என்று வாரக்கணக்கில் வேகும் கடலோரக் குடியிருப்பு அந்தக் கணக்கில் ஒருபோதும் வராது. வரையறையை எழுதியவர்கள் மனத்தில் வட இந்தியச் சமவெளி இருந்திருக்க வேண்டும். நம் கடற்கரைக்கு அது பொருந்தவில்லை என்று உரக்கச் சொல்ல வேண்டிய காலம் வந்துவிட்டது.

வீட்டுக் கூரையும் இதில் சேர்த்தி. பழைய மெட்ராஸ் வீடுகளில் மரச்சட்டத்தின் மேல் செங்கல் அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, மேலே தட்டோடு பதிப்பார்கள். தடித்த கூரை, சூடு கீழே இறங்க நேரம் பிடிக்கும். இன்றைய வெறும் கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, நாம் படுக்கப் போகும் நேரத்தில் கீழே விடுகிறது. சிமெண்ட் ஷீட்டும் தகரமும் போட்ட வீடுகளில் பகலில் உள்ளே இருக்கவே முடியாது. அந்த வீடுகளில் ஆண்கள் இரவில் வாசலிலோ தெருவிலோ கட்டிலைப் போட்டுக்கொள்கிறார்கள். பெண்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேதான் படுக்கிறார்கள். ஒரே வீட்டில் ஒரே இரவில் இரண்டு வெப்பநிலை. எந்த வானிலை அறிக்கையும் இதைச் சொல்லாது.

வேலையிடத்துக்கு வருவோம். தூத்துக்குடி, வேதாரண்யம், மரக்காணம் உப்பளங்களை நினைத்துப் பாருங்கள். மற்ற தொழிலில் வெயில் ஒரு இடைஞ்சல்; உப்பளத்தில் வெயில்தான் விளைச்சல். வெயில் ஏற ஏற உப்பு கூடும், வேலையும் கூடும். கண்ணுக்கெட்டிய தூரம் வரை மரம் கிடையாது. பாத்தித் தண்ணீரிலும் உப்புக் குவியலிலும் பட்டுத் தெறிக்கும் ஒளி கீழேயிருந்தும் முகத்தில் அடிக்கும். சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, காலில் கிழிந்த காலுறையோ சுற்றிய துணியோ. வாருபலகையால் உப்பை இழுத்துச் சேர்ப்பதும், சேர்த்ததைக் கூடையில் சுமந்து மேட்டில் கொட்டுவதும் கடும் உழைப்பு. விடியும் முன்னே தொடங்கி, வெயில் உச்சிக்கு வருமுன் முடித்துவிடப் பார்ப்பார்கள். எப்போதும் முடிவதில்லை. பல அளங்களில் ஒதுங்க நிழலும் இல்லை, கழிப்பறையும் இல்லை. கழிப்பறை இல்லையென்றால் பெண்கள் என்ன செய்வார்கள்? தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள். வெயிலில் பிழைக்க உடம்பு கேட்கும் ஒரே பொருளை, மானத்துக்கு அஞ்சி அந்த உடம்புக்கே மறுப்பார்கள்.

சென்னை ஸ்ரீராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தைச் சேர்ந்த வித்யா வேணுகோபாலும் அவருடைய குழுவினரும் தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களை ஆராய்ந்தார்கள். பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பான அளவுக்கு மேற்பட்ட வெப்பத்தில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஏறக்குறைய 7 விழுக்காட்டினருக்குச் சிறுநீரகத்தின் திறன் குறைந்திருந்தது. அந்தக் குழுவின் இன்னோர் ஆய்வு 2017இல் தொடங்கி 800 கர்ப்பிணிப் பெண்களைத் தொடர்ந்து கவனித்தது. கடும் வெப்பத்தில் வேலை செய்யாதவர்களில் 2 விழுக்காட்டினருக்குக் கருச்சிதைவு. வெப்பத்தில் வேலை செய்தவர்களில் அது 5 விழுக்காடு. கடற்கரையில் ஐந்து பேர் இறந்தால் நாடே பேசுகிறது. செங்கல் சூளையிலும் வயலிலும் கலைந்துபோகும் கருவைப் பற்றி, அந்தத் தாய்கூட வெயிலைக் காரணமாகச் சொல்வதில்லை. உடம்பு சரியில்லை என்பார், விதி என்பார்.

மக்களுக்கு அக்கறை இல்லை என்று சிலர் குறைப்படுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. யேல் பல்கலைக்கழகம் இந்தியா பற்றி 2022இல் வெளியிட்ட ஆய்வில், புவி வெப்பமடைதல் பற்றித் தங்களுக்குக் கொஞ்சம்தான் தெரியும் அல்லது கேள்விப்பட்டதே இல்லை என்று சொன்னவர்கள் 54 விழுக்காடு. அது என்ன என்று சுருக்கமாக விளக்கிய பிறகு கேட்டால், அது நடந்துகொண்டிருக்கிறது என்றவர்கள் 84 விழுக்காடு. கவலைப்படுகிறோம் என்றவர்கள் 81 விழுக்காடு. பருவம் தப்புவதை விவசாயி எந்த அறிக்கையும் படிக்காமலேயே அறிவார். மக்களிடம் கவலை இருக்கிறது. அந்தக் கவலையை எடுத்துக்கொண்டு எந்த அலுவலகப் படியில் ஏறுவது என்பதுதான் தெரியவில்லை. புயல் வந்தால் தாசில்தார் வருவார், முகாம் திறக்கும், துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறும். வெயிலுக்கு யார் வருவார்? சித்திரை பிறந்தால் கட்சிக்காரர்கள் நீர்மோர் பந்தல் திறப்பார்கள். அது நல்ல வழக்கம்தான், அதைக் குறைசொல்ல மாட்டேன். வேலையிடத்துக்கு அது வராது என்பதே என் கவலை.

அகமதாபாத் நகரம் இதற்கு ஒரு வழி காட்டியது. 2010 மே மாதம் அங்கே 46.8 டிகிரி வரை போனது. அந்த மாதத்தின் இறப்புப் பதிவுகள் அனைத்தையும் எடுத்து, முந்தைய, பிந்தைய ஆண்டுகளின் மே மாதங்களோடு வைத்துப் பார்த்தார்கள். வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்திருந்தார்கள். வெயிலால் இறந்தவர் என்று சான்றிதழில் எழுதப்பட்டவர்களை மட்டும் எண்ணியிருந்தால் இந்த எண் வந்திருக்காது. மாரடைப்பு, மூச்சுத்திணறல், சிறுநீரகச் செயலிழப்பு என்று பிரிந்து கிடந்த இறப்புகளை ஒன்றாகச் சேர்த்தபோதுதான் வெயிலின் கை தெரிந்தது. மாநகராட்சியிடம் ஏற்கெனவே இருந்த பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார்கள், அவ்வளவுதான். பெரிய செலவில்லை.

அதே நகரின் சாரதாபென் மருத்துவமனையில் மகப்பேறு பிரிவு மேல்மாடியில் இருந்தது. கூரைக்கு நேர் கீழே. கோடையில் பச்சிளங் குழந்தைகளுக்கு உடல்சூடு ஏறி, தீவிர சிகிச்சைக்குப் போவது கூடிக்கொண்டிருந்தது. பிரிவைத் தரைத்தளத்துக்கு மாற்றினார்கள். வெப்பத்தால் வரும் சேர்க்கைகள் கணிசமாகக் குறைந்தன. புது மருந்து எதுவும் தேவைப்படவில்லை, தொட்டில்களைக் கீழே இறக்கியதே போதுமாக இருந்தது. 2013இல் அந்த நகரம் தெற்காசியாவின் முதல் வெப்பச் செயல்திட்டத்தை நடைமுறைப்படுத்தியது. எத்தனை டிகிரிக்கு மேல் தங்கள் ஊரில் சாவு கூடுகிறது என்று தங்கள் கணக்கிலிருந்தே கண்டறிந்து, அந்த அளவில் எச்சரிக்கை, தண்ணீர்ப்பந்தல், மருத்துவர்களுக்குப் பயிற்சி என்று ஏற்பாடு செய்தார்கள். மற்ற ஊர்கள் அந்தத் திட்டத்தின் வண்ண அட்டவணையை எடுத்துக்கொண்டன. அதற்கு அடியில் இருந்த வேலையை, அதாவது சொந்த ஊரின் சாவுகளை எண்ணும் வேலையை, பெரும்பாலும் விட்டுவிட்டன.

தமிழ்நாடு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். வரவேற்க வேண்டிய முடிவு, சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பணம் குடும்பத்தின் கையில் சேர, சாவுக்கு வெயில்தான் காரணம் என்று மருத்துவர் எழுத வேண்டும். உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி, நினைவு தப்பி வந்தவரை வெப்பத்தாக்கம் என்று எழுதிவிடலாம். சித்தாள் வேலை முடித்து வீட்டுக்கு வந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இரவு பதினொரு மணிக்குச் சாய்ந்தவருக்கு எழுதப்படுவது மாரடைப்பு. அவர் பகல் முழுக்க எங்கே நின்றார் என்று யாரும் கேட்பதில்லை.

கட்டட வேலையையே எடுத்துக்கொள்வோம். 40 டிகிரிக்கு மேற்பட்ட வெயிலில் கான்கிரீட் போடும்போது கலவையை எப்படிப் பாதுகாப்பது என்பதற்கு 1975லேயே இந்தியத் தர நிர்ணயத்தில் தனி நெறிமுறை வந்துவிட்டது. ஜல்லியை நிழலில் வை, குளிர்ந்த தண்ணீர் ஊற்று என்றெல்லாம் அதில் இருக்கிறது. அந்தக் கலவையைத் தலையில் சுமக்கும் பெண்ணை எத்தனை டிகிரியில் நிழலுக்கு அனுப்ப வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் விதி எங்கே? 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 13ஆம் பிரிவு காற்றோட்டம், வெப்பநிலை பற்றிப் பேசியது. அதுவும் நாலு சுவருக்குள் இருக்கும் பணியறைக்கு மட்டும். வெட்டவெளி அதன் கண்ணில் படவில்லை.

கேரளம் கோடைக்காலத்தில் வெயிலில் வேலை செய்வோருக்குப் பகல் 12 மணி முதல் 3 மணி வரை ஓய்வு என்று ஆணையிடுகிறது. கத்தாரில் 2021 முதல், ஜூன் தொடங்கி செப்டம்பர் நடுப்பகுதி வரை காலை 10 மணி முதல் பிற்பகல் 3:30 வரை வெட்டவெளி வேலைக்குத் தடை. அங்கே சாரத்தில் நிற்பவர்களில் நம் ராமநாதபுரத்துக்காரரும் கடலூர்க்காரரும் உண்டு. கத்தாரில் கிடைக்கும் அந்த மதிய நிழல் சொந்த ஊரில் சட்டமாக இல்லை. கூலிக்காரருக்கு ஓய்வு என்றால் கூலிக் குறைவு என்பதையும் மறக்கக் கூடாது. குஜராத்தின் சேவா அமைப்பு, வெயில் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் பெண் தொழிலாளர்களுக்குப் பணம் கிடைக்கும்படி ஒரு காப்பீட்டைக் கொண்டுவந்தது. 2024இல் 50,000 பெண்களுக்கு ஆளுக்கு 400 ரூபாய் உதவித்தொகை போனது. சிறு தொகைதான். ஆனால் ஒரு நாள் வெயிலில் போகாமல் இருக்கலாம் என்று முடிவெடுக்க அது உதவும். இதையே சென்னைக்குக் கொண்டுவந்தால் வெறும் டிகிரியை வைத்துக் கணக்கிடக் கூடாது. ஈரத்தையும் சேர்க்க வேண்டும்.

இந்த மாநிலத்தால் முடியாதது அல்ல. ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்ற பெண்களுக்கு உட்கார நாற்காலி தர வேண்டும் என்று 2021இல் சட்டத் திருத்தம் செய்த மாநிலம் இது. கடைக்குள் நாற்காலியைச் சட்டமாக்கியவர்களுக்கு, கடைக்கு வெளியே நிழலையும் தண்ணீரையும் கழிப்பறையையும் சட்டமாக்குவது பெரிய காரியமில்லை. கூரைக்கும் வழி இருக்கிறது. தெலங்கானா 2023இல் குளிர்கூரைக் கொள்கையை வெளியிட்டது. மொட்டை மாடியில் வெள்ளை பூசினால் வீட்டுக்குள் சில டிகிரி குறையும், சுண்ணாம்பே போதும். ஏசி வாங்க முடிந்தவர்கள் வாங்கிக்கொள்கிறார்கள், அது வெளியே தள்ளும் அனல் பக்கத்து ஷீட் வீட்டுக்குள் போகிறது. எனவே அரசின் பணம் முதலில் போக வேண்டிய இடம் அந்த ஷீட்டின் மேல்பக்கம்.

நிலக்கரியும் எண்ணெயும் எரிவது குறையாமல் இவை எல்லாம் எத்தனை நாள் தாங்கும் என்ற கேள்வி நியாயமானது. நெடுநாள் தாங்காது. உப்பு வாருகிறவர் வளிமண்டலத்தில் கலந்த கரி மிகச் சொற்பம். அதன் வெப்பத்தை முதலில் வாங்குபவர் அவர்தான். உலகம் அந்தக் கணக்கைத் தீர்க்கும்வரை அவர் உயிரோடும் உடல்நலத்தோடும் இருக்க வேண்டாமா?

அதற்கு நாம் இன்றே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. உங்கள் வீட்டிலோ தெருவிலோ, வெயிலில் உழைத்தவர் ஒருவர் கோடை நாளில் திடீரென்று சாய்ந்தால், மருத்துவரிடம் அவர் அன்று எத்தனை மணி நேரம் வெயிலில் நின்றார், என்ன வேலை செய்தார், இரவு எப்படிப்பட்ட கூரையின் கீழ் படுத்தார் என்று சொல்லுங்கள். அதைக் குறிப்பில் எழுதும்படி கேளுங்கள். கிராம சபையிலும் வார்டு கூட்டத்திலும், மே மாதச் சாவுகள் எத்தனை, மற்ற மாதங்களைவிட எத்தனை கூடுதல் என்று கேளுங்கள். பதிவேடு அங்கேதான் இருக்கிறது. யாராவது கேட்டால்தான் அதைத் திறப்பார்கள்.